தோளில் வந்தவரும் படியில் நிற்பவர்களும்: திருவரங்கத்திலிருந்து ஒரு பார்வை

ஆண்டுதோறும் கார்த்திகை மாத ரோகிணி நாளில் திருப்பாணாழ்வாரின் பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது. திருச்சி உறையூரில் பிறந்தவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. பாணர் குலத்தில் வளர்ந்ததால் காவிரியின் இரு கரைகளுக்கு இடைப்பட்ட திருவரங்கத் தீவில் கால்வைக்காமல், தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்பது கதை. கோயில் கைங்கரியத்திற்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், வழியில் நின்றவரை விலகச் சொல்கிறார். பாட்டில் தன்னை மறந்திருந்தவருக்கு அது கேட்கவில்லை. முனிவர் கல்லை எறிகிறார், நெற்றியில் இரத்தம் வழிகிறது. முனிவர் கோயிலுக்குத் திரும்பியபோது அரங்கனின் நெற்றியிலும் இரத்தம். பாணரைத் தோளில் சுமந்து வருமாறு அரங்கன் ஆணையிட, முனிவரின் தோள்மீது அமர்ந்து கருவறை வரை சென்றவர் பத்துப் பாசுரங்களைப் பாடி இறைவனோடு கலந்தார். முனிவாகனர் என்ற பெயர் அதனால் வந்தது.

சமயச் சொற்பொழிவாளர்கள் கண்ணீர் மல்கச் சொல்லும் கதை இது. வைணவத்தில் சாதி இல்லை என்பதற்கு முதல் சான்றாக இதையே எடுத்துக்காட்டுவார்கள். கதைக்குள் நடப்பதைச் சற்றே நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்லெறிந்தவர் தண்டிக்கப்படவில்லை. பாணர்கள் தீவுக்குள் வரக்கூடாது என்ற விதி நீக்கப்படவில்லை. அடுத்த நாள் வேறொரு பாணர் காவிரியைக் கடந்து வந்திருந்தால் அவருக்கும் கல்தான் கிடைத்திருக்கும். ஆழ்வாருடைய கால்கூட கோயில் தரையில் படவில்லை. சிதம்பரத்தில் நந்தனார் தீயில் இறங்கிப் புதிய உடலோடு உள்ளே சென்றார், திருவரங்கத்தில் பாணர் தோளில் ஏறிச் சென்றார். இருவருமே தம் சொந்தக் காலால், சொந்த உடலோடு நடந்து செல்லவில்லை. உள்ளே போன இருவரும் திரும்பி வரவுமில்லை. பாணரை வயலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றும், கருவில் பிறவாதவர் என்றும் சொல்லிப் பிறப்பிலிருந்தே அவரை அக்குலத்திலிருந்து பிரித்துவிடுகிற குருபரம்பரைக் கதைகளின் முன்னெச்சரிக்கையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

பழங்கதையை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. விதிவிலக்கைக் கொண்டாடி விதியைக் காப்பாற்றும் இந்த முறை நீதிமன்றத் தீர்ப்புகளிலும், அரசாணைகளிலும், தேர்தல் மேடைகளிலும் இன்றுவரை இயங்குகிறது. அதைக் காண்பதற்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

திருவரங்கம் கோயில் 156 ஏக்கர் பரப்பில், ஏழு பிரகாரங்களும் 21 கோபுரங்களுமாக விரிந்து கிடக்கிறது. அதன் தெற்கு வாயிலில் 236 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் முடிக்கப்படாமல் கிடந்து 1987இல்தான் நிறைவுற்றது. அப்பணிக்கு நன்கொடை அளித்தவர்களில் இளையராஜாவும் ஒருவர். கோபுரத்தின் ஒரு நிலைக்கான செலவை அவர் ஏற்றுக்கொண்டார். 2024 டிசம்பர் 15 அன்று ஶ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் அர்த்த மண்டபத்தில் அவர் நிறுத்தப்பட்டதாகக் காணொளி பரவியபோது திருச்சியில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கோபுரம்தான். தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் நானல்லன், பொய்யான செய்தியைப் பரப்புகிறார்கள் என்ற பொருளில் இளையராஜா விளக்கம் தந்தார். அவருடைய சொல்லை நாம் மதிக்கலாம். எனினும் அன்று கோயில் நிர்வாகத்தின் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் தனியே ஆராயத்தக்கது: அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு எவரையும் அர்த்த மண்டபத்திற்குள் அனுமதிக்கும் வழக்கம் இல்லை, இது எல்லோருக்கும் பொது.

எல்லோருக்கும் பொது என்ற இந்தச் சொல்லுக்குள்தான் சிக்கலே இருக்கிறது. வெளிவாயிலில் சாதி பார்ப்பது 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்தாலும், அரசமைப்பின் 17ஆம் பிரிவாலும், பொதுத்தன்மை கொண்ட இந்து சமய நிறுவனங்களை அனைத்துப் பிரிவினருக்கும் திறந்துவிட வகைசெய்யும் 25(2)(ஆ) பிரிவாலும் ஒழிக்கப்பட்டது. பிற பக்தர்கள் எதுவரை செல்கிறார்களோ அதுவரை தலித்தும் செல்லலாம். அதற்கு மேல் அர்ச்சகர் மட்டுமே செல்லலாம். கேட்பதற்கு இது சமத்துவம் போலவே இருக்கிறது. ஆனால் அர்ச்சகர் ஆவதற்கான தகுதி பிறப்பால் முடிவாகும் என்றால், அர்ச்சகரைத் தவிர வேறு எவரும் வரக்கூடாது என்ற விதி இன்ன குலத்தாரைத் தவிர வேறு எவரும் வரக்கூடாது என்ற விதியாகவே முடியும். வாயிற்கதவில் தொங்கிய பலகையைக் கழற்றிக் கருவறைப் படியில் மாட்டியிருக்கிறார்கள். எழுத்துகள் மட்டும் மாறியிருக்கின்றன.

இதனை மிக முன்பே கண்டவர் அம்பேத்கர். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டிற்காக எழுதி, மாநாடு கைவிடப்பட்டதால் 1936இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், பரம்பரைப் பூசாரித்தனத்தை ஒழிக்க வேண்டும் என்றார். அது முடியாதென்றால், இந்து என்று சொல்லிக்கொள்ளும் எவரும் பூசாரி ஆகலாம், அரசு நடத்தும் தேர்வில் தேறி அரசுச் சான்று பெற்றவரே சடங்கு செய்யலாம், பூசாரி அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். இருபது ஆண்டுகளுக்குப் பின் நாக்பூரில் அவர் அந்தச் சமயத்தையே விட்டு வெளியேறினார் என்பது வேறு. அவருடைய திட்டத்துக்கு மிக அருகில் வந்த இந்திய அரசு தமிழ்நாடு அரசுதான். எங்கே நின்றுவிட்டது என்பதையும் இங்கேயே பார்க்கலாம்.

கருவறை நுழைவுப் போராட்டத்தைப் பெரியார் அறிவித்ததும், சட்டம் கொண்டுவருவதாக அன்றைய முதல்வர் கருணாநிதி உறுதியளித்ததும், 1970 டிசம்பரில் சட்டத் திருத்தம் நிறைவேறியதும் மாணவர்கள் படித்திருக்கக்கூடிய வரலாறு. 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இருபொருளில் தீர்ப்பளித்தது. அர்ச்சகர் நியமனம் உலகியல் சார்ந்த செயல், ஆகவே பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. அதேவேளை ஆகமம் விதித்த மரபைச் சேராதவர் தொட்டால் திருமேனி தீட்டுப்படும் என்ற நம்பிக்கையைக் கணக்கில் எடுத்து, நியமனம் ஆகமத்துக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும் என்றும் சொல்லியது. முதல் பாதி சட்டத்தைக் காப்பாற்றியது, இரண்டாம் பாதி சட்டத்தின் பயனைப் பறித்தது. 17ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கும் நாட்டில், தொடுவதால் தீட்டு என்ற கருத்து ஓர் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஏற்கத்தக்க சமய நம்பிக்கையாக இடம்பெற்றது. அரை நூற்றாண்டாக நாம் நடத்திவரும் வழக்குகள் அனைத்தும் அந்த ஒரு கருத்தைச் சுற்றியே நடக்கின்றன.

2006இல் அரசாணை வந்தது. ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சைவத்திற்கு மதுரை, திருவண்ணாமலை, பழனி, திருச்செந்தூர். வைணவத்திற்குத் திருவல்லிக்கேணியும் திருவரங்கமும். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பயிற்சியை முடித்தனர். வழக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 2015 டிசம்பரில் ஆதிசைவ சிவாச்சாரியார்கள் வழக்கில் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு கோயிலின் ஆகமத்தையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்யுமாறு சொல்லிக் கதவை முழுதாக மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. 2018இல் மதுரையில் ஒருவர் நியமிக்கப்பட்டார். 2021 ஆகஸ்ட் 14 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் 58 அர்ச்சகர்களுக்கு நியமன ஆணை வழங்கியபோது, அவர்களில் அரசுப் பள்ளிகளில் பயின்றவர்கள் 24 பேர். அந்த 24 பேரில் பட்டியல் சாதியினர் ஐவர். அறநிலையத் துறையின் கீழ் 44,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ள மாநிலத்தில் ஐவர். வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வு என்று அதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கொண்டாட்டத்தில் தவறில்லை. ஆனால் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படி நியமிக்கப்பட்டவர்களில் இருவர் திருச்சி குமார வயலூர் முருகன் கோயிலுக்கு வந்தார்கள். பார்ப்பனரல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள், அரசுப் பள்ளியில் முறையாகப் பயின்றவர்கள். அக்கோயிலில் ஏற்கெனவே பூசை செய்துவந்த சிலர், இது காமிக ஆகமப்படி நடக்கும் கோயில், ஆதிசைவ சிவாச்சாரியார்களே அர்ச்சகராக முடியும், எங்களை நிரந்தரமாக்காமல் மற்றவர்களை நியமித்தது செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார்கள். 2023இன் தொடக்கத்தில் தனி நீதிபதி நியமனத்தை ரத்து செய்தார். மேல்முறையீடு தொடர்ந்தது. 2025 பிப்ரவரியில் அக்கோயிலின் குடமுழுக்கு நடந்தபோது, தங்களைக் கருவறைப் பூசையிலிருந்து ஒதுக்கி வைக்கிறார்கள் என்று அவர்கள் முறையிட்ட செய்தி வந்தது. அரசு ஆணையும் அரசு ஊதியமும் இருந்தும் மூலவரின் அருகே செல்ல முடியாத நிலை. இன்ன குலத்தார் தொடலாம், இன்ன குலத்தார் தொடக்கூடாது என்னும் சமய நம்பிக்கை, ஒரு மனிதரின் பணி விவரத்திற்குள் வந்து அமர்ந்துவிட்டால் அவருடைய அன்றாட வாழ்வு எப்படி இருக்கும் என்பதற்கு வயலூரைத் தாண்டித் தேட வேண்டியதில்லை.

2022 ஆகஸ்ட் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அரசின் புதிய நியமன விதிகளை நிலைநிறுத்தியது. ஆகமப்படி கட்டப்பட்ட கோயில்களுக்கு மட்டும் அவை பொருந்தா என்றது. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி சொக்கலிங்கம் தலைமையில் குழு அமைத்தது. 2023 ஜூனில் சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், ஆகமம் அறிந்து பயிற்சி பெற்றவராயின் அர்ச்சகர் நியமனத்தில் சாதிவழிக்கு இடமில்லை என்று அதே நீதிமன்றத்தின் வேறொரு நீதிபதி தெளிவாகச் சொன்னார். மூன்றே மாதத்தில், செப்டம்பர் 25 அன்று, ஆகமக் கோயில்களில் இருக்கும் நிலையே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. அதே செப்டம்பரில்தான் திருவரங்கம் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்த மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள். நாடெங்கும் அவர்களின் படங்கள் வெளியாயின. அந்தப் பள்ளியை நடத்துவது திருவரங்கம் கோயில். அங்கே பயின்றவர்களுக்கு மிகத் தொலைவில் இருப்பதும் அதே கோயிலின் கருவறைதான்.

ஆகமம் மாறாதது, மாற்ற முடியாதது என்ற வாதத்தைத் திருவரங்கத்தில் நின்றுகொண்டு சொல்வது சற்றே துணிச்சலான செயல். அக்கோயிலின் சொந்த வரலாற்று நூலான கோயில் ஒழுகு சொல்வதைக் கேட்டாலே போதும். அங்கே முன்பு வைகானச முறை இருந்ததாகவும், இராமானுசர் அதை நீக்கிப் பாஞ்சராத்திர முறையைக் கொண்டுவந்ததாகவும், ஊழியக் கொத்துகளை விரித்து மறுசீரமைத்ததாகவும் அந்த மரபு பெருமையோடு பதிவு செய்கிறது. ஒருவர் ஆகமத்தையே மாற்றினார், அதற்காக அவரை உடையவர் என்று அழைத்து இன்றும் வணங்குகிறார்கள். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சீர்திருத்தவாதியால் மாற்ற முடிந்த ஒன்றை, இருபத்தோராம் நூற்றாண்டில் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தால் மாற்ற முடியாது என்கிறோம்.

இன்னொரு செய்தியும் அதே மரபில் உண்டு. 1323இல் தில்லிப் படையெடுப்பின்போது உற்சவர் திருமேனி கோயிலைவிட்டு வெளியேறிக் காடுமேடெல்லாம் சுற்றி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 1371இல் திரும்பியது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனியும் வழிபாட்டில் இருந்ததால் எது பழையது என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் பட்டரோ ஆசாரியரோ அல்லர். கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், ஈரங்கொல்லி என்று மரபு குறிப்பிடுபவர், திருமஞ்சனம் செய்த ஆடையின் ஈரத்தைச் சுவைத்துப் பார்த்து, இவரே நம் பெருமாள் என்று அடையாளம் காட்டினார். இன்றுவரை உற்சவருக்கு நம்பெருமாள் என்ற பெயர் வழங்குவது அதனால்தான். அடையாளம் சொல்லவும் பெயர் வைக்கவும் ஒரு வண்ணார் வேண்டியிருந்தது. மாலை சாத்துவதற்கு மட்டும் அவருடைய வழித்தோன்றலின் கை ஆகாது என்கிறார்கள்.

கார்த்திகை வளர்பிறையில் வரும் கைசிக ஏகாதசியையும் சொல்லிவிட வேண்டும். அன்று திருவரங்கத்தில் படிக்கப்படும் கைசிக புராணம், திருக்குறுங்குடியில் பண்ணிசைத்துப் பாடிய நம்பாடுவான் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பக்தரின் கதை. தன் பாடலின் பயனைக் கொடுத்து ஒரு பிரம்மராட்சசனுக்கே விடுதலை தந்தவர் அவர். அக்கதையைப் படித்து முடிக்கும் பட்டரைப் பல்லக்கில் வைத்து மனிதர்கள் சுமந்து சென்று வீட்டில் விடுவது பிரம்மரத மரியாதை என்ற பெயரில் வழக்கமாக இருந்தது. மனிதனை மனிதன் சுமப்பதா என்று பெரியாரிய இயக்கங்கள் எதிர்த்தன. அது சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போயிற்று. தலித் பக்தனின் பெருமையைப் படித்தவருக்குப் பல்லக்கு, தலித் பக்தனுக்குக் கதை. 2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தை மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் தடைசெய்து, சில நாள்களிலேயே அரசு இறங்கி வந்து அனுமதித்ததை நினைத்தால், பல்லக்கு விஷயத்தில் எந்தக் கட்சியின் தோளும் வலுவானதில்லை என்று தெரியும்.

கட்சிகளைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. ராஜகோபுரத்திற்கு எதிரே பெரியார் சிலை நிற்கிறது. 2006 டிசம்பரில் திறப்பு விழாவுக்குச் சில நாள்கள் முன்பு அது உடைக்கப்பட்டது. பின் புதிய சிலை அதே மாதத்தில் திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் அதே ஊரில் நடைப்பயணம் வந்த பாரதிய ஜனதாவின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, தம் கட்சி ஆட்சிக்கு வந்தால் கோயில்களுக்கு முன் இருக்கும் அத்தகைய சிலைகள் அகற்றப்படும் என்றார். 2024 ஜனவரி 20 அன்று, அயோத்திக் கோயில் திறப்புக்கு இரண்டு நாள் முன்னதாக, பிரதமர் மோடி திருவரங்கம் வந்து கம்பராமாயணம் கேட்டார். இராமானுசரின் ஆயிரமாவது ஆண்டையொட்டி ஐதராபாத் அருகே 216 அடியில் எழுப்பப்பட்ட சிலையைச் சமத்துவச் சிலை என்று பெயரிட்டு 2022இல் திறந்து வைத்தவரும் அவரே. மறுபுறம், இராமானுசரைப் புரட்சித் துறவியாக்கித் தொலைக்காட்சித் தொடர் எழுதினார் கருணாநிதி. 2024 ஆகஸ்டில் பழனியில் முருகன் மாநாடு நடத்தியது அறநிலையத் துறை. 2025 ஜூனில் மதுரையில் போட்டிக்கு இன்னொரு முருகன் மாநாடு நடத்தியது இந்து முன்னணி. எல்லோருக்கும் பக்தர்களின் வாக்கு வேண்டும். அந்தப் பக்தர்களில் சேரியில் இருப்பவர்கள் கருவறையில் நிற்கலாமா என்ற கேள்வியை இரண்டு மாநாடுகளிலும் எவரும் முதன்மைப்படுத்தவில்லை.

2018 ஏப்ரலில் ஐதராபாத் ஜியாகூடா ரங்கநாதர் கோயிலில் சில்கூர் பாலாஜி கோயிலின் அர்ச்சகர் ரங்கராஜன், தலித் பக்தர் ஒருவரைத் தோளில் சுமந்து உள்ளே சென்றார். திருப்பாணாழ்வார் கதையை மீண்டும் நிகழ்த்திய அச்செயலை நாட்டின் பத்திரிகைகள் பாராட்டின. அந்த அர்ச்சகரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் தோள்தான் கொடுக்கப்படுகிறது.

சமய நம்பிக்கை என்றதும் இந்துக் கோயில்களோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. திருச்சி தமிழகக் கிறித்துவத்தின் பெரிய நகரங்களில் ஒன்று. அந்நகரின் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரை 2010இல் பெரியாரிய இயக்கத்தினர் இடிக்க முற்பட்ட பிறகே வெளியுலகம் அதை அறிந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் தலித் கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் முறையீடு இன்னும் முடியவில்லை. திருவிழாவுக்குத் தங்களிடம் வரி வாங்குவதில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்கிறார்கள். வரி கொடுக்கும் உரிமைக்காக மனிதர்கள் நீதிமன்றம் போகும் விந்தையைச் சாதி மட்டுமே நிகழ்த்த முடியும். உயர் நீதிமன்றத்தில் பலன் கிடைக்காமல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அங்கிருந்து 2025 பிப்ரவரியில் அரசுக்கும் திருச்சபைத் தரப்புக்கும் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்துவர்களுக்கு எதிராக எழுந்த கலவரத்தில், காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இரு வன்னியக் கிறித்துவர்கள் உயிரிழந்தார்கள். ஒரே பீடத்தின் முன் மண்டியிடுவது சாதியைக் கரைத்துவிடவில்லை.

ஆனால் அரசின் கணக்கில் மதம் மாறிய கணத்தில் சாதி கரைந்துவிடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்துவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறித்துவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். கோட்டப்பாளையத்தில் தேர் வராத தெருவில் வாழ்பவர், தாக்கப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கோர முடியாது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லி 2007இலேயே அறிக்கை தந்துவிட்டது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்ற கருத்தோடு, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் சாதிச் சான்று கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. தலித் ஒருவரின் நம்பிக்கை மனப்பூர்வமானதா என்பதை நீதிமன்றம் விசாரிக்கிறது. தொட்டால் தீட்டு என்பவரின் நம்பிக்கைக்கோ அதே சட்டம் விசாரணையின்றிப் பாதுகாப்பு அளிக்கிறது.

நம் தோழர்களிடையே எழும் ஓர் எதிர்ப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். அர்ச்சகர் வேலை நமக்கு எதற்கு? அயோத்திதாசர் முதல் அம்பேத்கர் வரை காட்டிய வழி அந்தச் சமயத்தைவிட்டு விலகுவதல்லவா? கருவறைக்காகப் போராடுவது சமற்கிருதமயமாவதற்கான ஏக்கம்தானே? கல்லூரிக் கூட்டங்களில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. என் எண்ணம் வேறு. வெளியேறுவது ஓர் உரிமை என்றால், உள்ளே இருப்பவர் சமமாக நடத்தப்படுவதும் உரிமை. தமிழ்நாட்டின் பெரும்பான்மைத் தலித்துகள் இன்றும் கோயிலுக்குப் போகிறார்கள். தம் தெருக் கோயில்களில் அவர்களே பூசாரிகளாகவும் இருக்கிறார்கள். அறநிலையத் துறைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பட்டியல் பழங்குடியினர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்கிறது. கோயிலின் நிலத்தையும் பணத்தையும் நிர்வகிக்கத் தகுதியுள்ளவர், விளக்கேற்றத் தகுதியற்றவர் என்று ஒரு பொது நிறுவனம் சொல்லும்போது, அது அந்தக் கோயிலுக்குப் போகாத தலித்தையும் பாதிக்கிறது. தீட்டு என்ற கருத்துக்குச் சட்டத்தில் எங்கே இடம் கிடைத்தாலும் அது அங்கேயே அடங்கிக் கிடப்பதில்லை.

திருச்சியிலிருந்து அதிகத் தொலைவில்லாத புதுக்கோட்டை மாவட்டத்தில் அதைப் பார்த்தோம். 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. மறுநாள் அங்கே சென்ற மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு, தலித்துகளுக்கு நுழைவு மறுக்கப்பட்டிருந்த இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அவர்களை அழைத்துச் சென்றார். அப்போது ஒரு பெண் சாமி வந்தவராக ஆடி, அவர்கள் உள்ளே வந்ததை இழிவாகப் பேசினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதும் செய்யப்பட்டார். அய்யனாரின் வாய்வழியாகச் சாதி பேசிற்று. அங்கே ஆகமமும் இல்லை, சிற்ப சாத்திரமும் இல்லை. ஆகமம் உள்ள கோயில்களுக்கு ஒரு நீதி, இல்லாத கோயில்களுக்கு ஒரு நீதி என்று 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த கோட்டை வைத்துப் பார்த்தால், ஆகமம் இல்லாத ஊர்க் கோயில்கள் எப்போதோ திறந்திருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலோ 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் காவல் பாதுகாப்போடு தலித்துகள் உள்ளே செல்ல முடிந்தது. கதவை மூடுவதற்கு ஆகமம் தேவைப்படவில்லை, திறப்பதற்கு மட்டும் நீதிமன்றமும் காவல்துறையும் தேவைப்பட்டன.

ஆகவே சொக்கலிங்கம் குழுவின் பணியை நம் இயக்கங்கள் வழக்கறிஞர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. திருவரங்கம் ஆகமக் கோயில் பட்டியலில் இருக்கும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு கோயில் ஆகமக் கோயில் என்று எந்த ஆவணத்தைக் கொண்டு முடிவாகிறது, எந்த ஆகம நூலின் எந்தப் பகுதி அர்ச்சகரின் பிறப்பை வரையறுக்கிறது, அந்தக் கோயிலில் அந்த ஆகமத்தின் மற்ற விதிகள் இன்று பின்பற்றப்படுகின்றனவா என்பவை கேட்கப்பட வேண்டும். மின்விளக்கும், குளிரூட்டியும், கட்டண வரிசையும், கைபேசிப் பதிவும் உள்ள சன்னிதிகளில் பிறப்பு விதி ஒன்று மட்டும் பழுதின்றி நிற்பது எப்படி என்பதற்குப் பதில் வேண்டும். 2007இல் இருபது வயதில் அந்தப் பள்ளிகளில் சேர்ந்தவருக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. பாசுரங்களும் மந்திரங்களும் மனப்பாடம். தீட்சை பெற்ற சான்று பெட்டியில் இருக்கிறது. வழக்கின் அடுத்த விசாரணை நாளை அவர் நாளிதழில் தேடிக்கொண்டிருக்கிறார்.